நூறு வருஷ ஏரிக்கரை பங்களா: அத்தை ராத்திரியில எந்த வழியா பாத்ரூம் போவாங்க?

கேள்வி: சார் வணக்கம், நாங்க குடியாத்தம், நான் ஸ்கூல் டீச்சர். இந்த மே மாச லீவுல எங்க வீடு, கொழுந்தனார் வீடு, பெங்களூர்ல இருந்து நாத்தனார் வீடுன்னு மொத்தம் 12 பேரு ஏலகிரியில 4 நாள் தங்கலாம்னு இருக்கோம். மாமியாருக்கு 74 வயசு, முட்டி வலி, ராத்திரியில கண்ணு சரியா தெரியாது. சின்ன பசங்க 3 பேரு, கடைசிப் பொண்ணுக்கு 3 வயசு தான். ஏரிப் பக்கத்துல நூறு வருஷத்துக்கு மேல பழைய பங்களா ஒண்ணு வாடகைக்கு இருக்குன்னு ஒருத்தர் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினாரு, பாத்ததுமே மனசு அங்க போயிடுச்சு. ஒரு நாளைக்கு 9,000 ரூபா, பாதி பணம் 18,000 இன்னிக்கே ஜிபே பண்ணணும், இல்லன்னா வேற பார்ட்டிக்கு குடுத்துடுவேன்றாரு. எங்க வீட்டுக்காரர் பழைய வீடு தலையில விழுந்துடும், ஓட்டல்ல 5 ரூம் போட்டுடலாம்னு சொல்றாரு. மாமியாருக்கு எல்லாரும் ஒரே கூரைக்கு கீழ இருந்து ஒரே அடுப்புல சமைச்சு சாப்பிடணும்னு ஆசை. நீங்க பழைய கட்டட வேலை பாக்கறவருன்னு தான் கேக்கறேன், அந்த வீடு இடிஞ்சு விழாம இருக்குமா, எதையெல்லாம் கேக்கணும், பணம் அனுப்பலாமா?

பதில்: வணக்கம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க அத்தை ஆசைப்படறது ரொம்ப சரி, முடிஞ்சா அந்த மாதிரி ஒரு வீட்லயே தங்குங்க. ஓட்டல்ல 5 ரூம் போட்டா 5 கதவு சாத்திக்கும், பசங்க ஆளுக்கொரு டிவி முன்னாடி உக்காந்துக்கும், பெரியவங்க தனியா ஒரு ரூம்ல படுத்துகினு காபி எப்ப வரும்னு பாத்துட்டு இருப்பாங்க. பழைய பங்களான்னா நடுவுல ஒரு பெரிய ஹால், முன்னாடி நீளமா தாவாரம், எல்லாரும் வந்து விழற இடம்னு ஒண்ணு இருக்கும், அதுக்காகவே நான் பழைய வீட்டுக்கு ஓட்டு போடுவேன்.

ஆனா நீங்க கேட்ட கேள்வி, இடிஞ்சு விழுமான்றது, 27 வருஷமா வேலூர், ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர் பக்கம் பழைய வீடுங்களை ரிப்பேர் பண்ற எங்கிட்ட எல்லாரும் முதல்ல கேக்கறது அது தான். அதுக்கும் பதில் சொல்றேன், கொஞ்சம் பொறுங்க, ஏன்னா நானே அந்த கேள்வியை முதல்ல வெச்சு ஒரு பெரிய தப்பு பண்ணியிருக்கேன்.

2011ல எங்க குடும்பம் வேற ஒரு மலை ஊர்ல ஏரிக்கரையில ஒரு பழைய வீடு எடுத்தோம். நான் போனதும் போகாததுமா டார்ச் எடுத்துகினு உத்தரம் உத்தரமா தட்டிப் பாத்தேன், பரண்ல ஏறி சட்டம், ரீப்பர் எல்லாம் பாத்தேன், செவுத்துல ஓதம் எங்க ஏறியிருக்குன்னு பாத்தேன், வீடு கெட்டியா இருக்கு, நிம்மதியா தூங்குங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ரெண்டாவது நாள் ராத்திரி ரெண்டரை மணிக்கு எங்கம்மா பாத்ரூம் போக எழுந்தாங்க. பாத்ரூம் பின்னாடி தாவாரத்தை அடைச்சு பிற்பாடு கட்டினது, ஹாலை விட ஒரு படி பள்ளம், அந்தப் படியும் சரியான படி கிடையாது, ஏழு எட்டு இஞ்ச் சட்டுனு இறங்கும், லைட் சுவிட்ச் கதவுக்கு அந்தப் பக்கம். இடுப்பு எலும்பு உடைஞ்சுது. மலையிலேருந்து கீழ ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு வர மூணு மணி நேரம் ஆச்சு, அந்த மூணு மணி நேரம் ஒவ்வொரு வளைவுலயும் அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. ஆபரேஷன் பண்ணி 6 வருஷம் இருந்தாங்க, ஆனா கோல் இல்லாம நடக்கவே இல்ல, அதுக்கப்புறம் எந்த ஊருக்கும் கூப்பிட்டா வரல. வீடு அப்படியே தான் நின்னுது. கொஞ்ச நாள் அந்த ஓனர் மேல கோவமா இருந்தேன், அப்புறம் தான் தெரிஞ்சுது, உத்தரத்தைப் பாத்த கண்ணு ஒரு நிமிஷம் கீழ பாத்திருந்தா போதும்னு.

அதனால தான் சொல்றேன், தலைக்கு மேல என்ன இருக்குன்னு கேக்கறதுக்கு முன்னாடி காலுக்கு கீழ என்ன இருக்குன்னு கேளுங்க. உங்க அத்தை ராத்திரி ரெண்டு மணிக்கு கட்டில்ல இருந்து எழுந்து எந்த வழியா பாத்ரூம் போவாங்க, எத்தனை வாசப்படி தாண்டணும், சுவிட்ச் எங்க, அங்க வெஸ்டர்ன் டாய்லெட்டா இண்டியனா. இதுக்கு பதில் தெரியாம ஒரு ரூபா கூட அனுப்பாதீங்க.

பழைய வீட்ல பாத்ரூம் ஏன் இப்படி இருக்குன்னும் சொல்லிடறேன், தெரிஞ்சா நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க. அந்தக் காலத்துல வீட்டுக்குள்ள கக்கூஸ் கட்ற பழக்கமே கிடையாது, பின்கட்டுல தள்ளி இருக்கும். வாடகைக்கு விடணும்னு வரும்போது தான் ஸ்டோர் ரூம், தாவாரம் இதையெல்லாம் தடுத்து பாத்ரூம் ஆக்கறாங்க. தாவாரம் ஏற்கனவே ஹாலை விட பள்ளம், அதனால இறங்கற படி வரும். ரூமுக்குள்ளயே கட்டினா பைப்பு போக சரிவு வேணும், பழைய தரையை ஒடைக்க பயந்துகினு அதுக்கு மேலயே பைப்பை ஓட்டி மண்ணை போட்டு ஒசத்திடுவாங்க, அப்ப ஏறுற படி வரும். எப்படியும் ஒரு படி உண்டு. அது போதாதுன்னு பழைய நிலைக்கதவுக்கு கீழ ஒரு கட்டை, மூணு நாலு இஞ்ச் ஒசரத்துல, நம்ம கிராமத்து வீடுங்கள்ல இருக்கறதே தான், காலை தூக்கி வெச்சுப் பழகினவங்களுக்கு ஒண்ணுமில்ல, முட்டி வலிக்காரங்க காலை இழுத்து இழுத்து நடப்பாங்க இல்ல, அவங்களை அது தான் தட்டி விடும்.

போட்டோல இது எதுவும் தெரியாது. வீடியோ கேளுங்க, அதுவும் சும்மா வீட்டை சுத்திக் காட்ற வீடியோ வேண்டாம், ராத்திரியில கீழ் ரூம் கட்டில்ல ஆரம்பிச்சு பாத்ரூம் வரைக்கும் கேமராவை கால் பக்கம் காட்டிகினே நடந்து எடுக்க சொல்லுங்க. அனுப்ப மாட்டேன்னு சொன்னா அங்க ஒரு படி இருக்குன்னு அர்த்தம், இல்ல அந்த ஆளு அந்த வீட்டுப் பக்கமே போனதில்லன்னு அர்த்தம். ஒரு படி இருந்தா வீட்டை விட்டுடணும்னு இல்ல. அத்தைக்கு பாத்ரூமுக்கு ரொம்ப கிட்ட இருக்கற ரூமை குடுங்க, அது தான் ஏரி தெரியற நல்ல ரூமா இருந்தாலும் நாத்தனார் கோச்சுக்காம விட்டுக்குடுக்கட்டும். பிளக்ல சொருகற சின்ன நைட் லேம்ப் ரெண்டு மூணு வாங்கிட்டுப் போங்க, ஈரத்துல வழுக்காத ரப்பர் மேட் ஒண்ணு, படி ஓரத்துல ஒட்ட வெள்ளை டேப். மெடிக்கல் ஷாப்ல கமோட் சேர் மடிக்கற மாதிரி கிடைக்கும், கட்டில் பக்கத்துலயே போட்டுடலாம், வேலூர்ல ஆஸ்பத்திரிங்க நிறைய இருக்கற ஊருன்றதால இதெல்லாம் வாடகைக்கே குடுக்கற கடை இருக்கு. பாத்ரூம் போனா உள்ள தாப்பா போட வேண்டாம்னு அத்தைகிட்ட சொல்லி வெச்சுடுங்க, விழுந்துட்டா கதவை ஒடைக்கறதுக்குள்ள உயிர் போயிடும். வெக்கப்படுவாங்க, வெளிய நீங்க நின்னுக்கங்க.

இப்ப வீட்டுக்காரர் பயத்துக்கு வரேன். நல்லா கட்டின பழைய வீடு அவ்வளவு சுலபத்துல விழாது. நம்ம வேலூர் கோட்டை செவுரு 400 வருஷத்துக்கு மேல அகழித் தண்ணியிலயே காலை வெச்சுகினு நிக்குது. அது கருங்கல்லு, சரி, ஆனா வீடும் அப்படித்தான், தண்ணி எங்க போய் தேங்குதுன்றது தான் விஷயம். உங்க பங்களா ரெண்டுல ஒண்ணா இருக்கும், மெட்ராஸ் டெரஸ் இல்ல சீமை ஓடு. மெட்ராஸ் டெரஸ்னா ஹால்ல படுத்துகினு மேல பாத்தா தேக்கு கட்டை வரிசையா ஓடும், நடுவுல மெல்லிசு செங்கல்லை குறுக்கால சாய்ச்சு நிக்க வெச்சு அடுக்கியிருப்பாங்க, அதுக்கு மேல செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்பு காரையை நாள் கணக்கா தட்டித் தட்டி எறக்கியிருப்பாங்க, கடுக்காய் தண்ணி, வெல்லம் எல்லாம் ஊத்தி. இதுல கட்டை நடுவுல பலமா இருக்கும், செவுத்துக்குள்ள போற முனை தான் முதல்ல உளுத்துப் போகும், ஏன்னா செவுத்து ஈரத்தை அது தான் குடிக்குது. அதனால பாக்க வேண்டியது அந்த முனை. அங்க கறுப்பா ஈரக்கறை இருக்கா, மாவு மாதிரி கொட்டுதா, செல்லு, அதான் கரையான், ஏறின மண்ணு கோடு இருக்கா, கட்டை நடுவுல தொங்கலா வளைஞ்சிருக்கா. சாவியால ஒரு தட்டு தட்டினா நல்ல கட்டை கணீர்னு சொல்லும், உள்ள தின்னு போனது டொக்குனு கேக்கும். மொட்டை மாடியில 12 பேரும் ஏறி பசங்க டான்ஸ் ஆடறது, தண்ணி டேங்க் பக்கம் கும்பலா நிக்கறது வேண்டாம், மர பால்கனியில ரெண்டு பேருக்கு மேல நிக்காதீங்க, மரப்படிக்கட்டு ஒசரமா இருந்தா அத்தையும் பசங்களும் கீழயே இருக்கட்டும்.

ஓட்டு வீடுன்னா வேற கவலை, குரங்கு. ஏலகிரியில குரங்கு ஏறி ஓட்டை தள்ளிடும், மே மாசத்து இடி மழை வந்தா கட்டிலுக்கு மேலயே ஒழுகும், போன மழைக்கு ஒழுகுச்சான்னு கேளுங்க. செவுத்துல பாதி உசரம் வரைக்கும் புதுசா சிமெண்ட் பூசி பெயிண்ட் அடிச்சிருந்தா நம்பி ஏமாறாதீங்க. சுண்ணாம்பு செவுரு மூச்சு விடும், உள்ள ஏறுற ஈரத்தை வெளிய விட்டுடும், அதுக்கு மேல சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளயே நின்னு இன்னும் மேல ஏறும், ரூம்ல ஒரு பூஞ்சை வாடை அடிக்கும், ஆஸ்துமா இருக்கற பசங்களுக்கு அது ஆகாது. என் வேலையில பாதி நாள் இந்த சிமெண்டை சுரண்டி எடுக்கறதுலயே போகுது, எவ்வளவு சொன்னாலும் ஜனங்க திரும்ப அதையே பூசறாங்க, மனசு ஆறல.

நூறு வருஷம்னு அவர் சொல்றதை அப்படியே எடுத்துக்க வேண்டாம். ஓட்டுல 1865னு பதிச்சிருக்கு பாருங்கன்னு காட்டுவாங்க, அது மங்களூர்ல பாசல் மிஷன்னு சொல்ற சுவிட்சர்லாந்து பாதிரிமாருங்க ஓட்டு ஃபேக்டரி ஆரம்பிச்ச வருஷம், வீடு கட்டின வருஷம் இல்ல. ஏலகிரியே ஜமீன் கையில இருந்த மலை, ஜமீன் ஒழிப்புக்கு அப்புறம் 1950கள்ல தான் அரசாங்கத்துக்கு வந்துச்சு, அங்க நிஜமாவே பழைய வீடுங்க கொஞ்சம் தான், ரெண்டு தூணு நிறுத்தி மேல ஓடு போட்டு ஹெரிடேஜ்னு போர்டு மாட்டினது நிறைய. வயசு கம்மியா இருந்தா உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, ஆனா வயசுக்குன்னு கூட வாங்கறாங்கன்னா பேரம் பேசுங்க.

நிஜமாவே பழசா இருந்தா உங்களுக்கு ஒரு லாபம் இருக்கு. ஏலகிரி ஊட்டி மாதிரி குளுகுளுன்னு இருக்கும்னு நினைச்சு வந்து மே மாசத்துல ஏமாந்து போறவங்க ஜாஸ்தி. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல, ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் தான். ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா ஆறு ஏழு டிகிரி குறையும், வேலூர் 200 மீட்டர் ஒசரத்துல இருக்கு, அப்ப கணக்கு போட்டா கத்திரி வெயில்ல இங்க 40 அடிக்கற அன்னிக்கு மேல 34 இருக்கும். மத்தியானம் சுடும், சாயங்காலத்துக்கு மேல தான் சுகம். கான்கிரீட் கூரை போட்ட சின்ன ரூம் பகல் பூரா சூட்டை வாங்கி வெச்சுகினு ராத்திரி நம்ம மேல விடும். ஒண்ணரை அடி, ரெண்டு அடி கனமான செவுரும் 14 அடி ஒசர கூரையும் இருக்கற வீட்ல மத்தியானம் ஜன்னலை சாத்திட்டு, பொழுது சாஞ்சதும் தெறந்து விட்டீங்கன்னா ஏசி தேவைப்படாது, இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

கரண்ட் விஷயம் ஒண்ணு ரெண்டு. பழைய வீட்ல மரப்பட்டி மேல ஓட்டின ஒயர் இன்னும் இருந்தா அதுல ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் எதுவும் சொருகாதீங்க. மெயின் போர்டுல ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற சுவிட்ச், இருக்கான்னு கேளுங்க, 30 மில்லி ஆம்பியர்னு எழுதியிருக்கணும், டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினா டப்புனு விழணும், விழலன்னா அது சும்மா மாட்டி வெச்சது. வீட்ல நடக்கற ஷாக்ல முக்காவாசி ஈரக்கையோட பாத்ரூம்ல, துணி காயப்போட்ற கம்பியில நடக்கறதை நான் பாத்திருக்கேன். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், கேஸ் கீசர். பாத்ரூமுக்கு உள்ளயே கேஸ் கீசர் வெச்சிருந்தா, ஜன்னல் சின்னதா இருந்தா, அதை போடவே போடாதீங்க. எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, குளிக்கப் போனவங்க மயங்கி விழுந்தா வெளிய இருக்கறவங்களுக்கு தண்ணி கொட்ற சத்தம் மட்டும் கேட்டுகினு இருக்கும். குளிருதுன்னு கேம்ப்ஃபயர் கரியை சட்டியில போட்டு ரூமுக்குள்ள கொண்டு வர்றதும் அதே தான். அடுப்புல தண்ணி காய வெச்சு பக்கெட்ல ஊத்திக்குங்க.

இப்ப ஏரி. நாம வட ஆற்காட்டுக்காரங்க, ஏரிக்கரையிலயே பொறந்து வளந்தவங்க, மதகு, கலங்கல்னு பேசிகினே இருப்போம், அதனாலயே ஏரின்னா நமக்கு பயம் விட்டுப் போச்சு. மே மாசத்துல தண்ணி உள்வாங்கியிருக்கும், கரைக்கும் தண்ணிக்கும் நடுவுல காஞ்சு வெடிச்ச மண்ணு தெரியும், மேல தான் காஞ்சிருக்கும், கீழ சேறு அப்படியே இருக்கும், ஒரு குழந்தை அது மேல ஓடினா முட்டி வரைக்கும் போயிடும், இழுக்கப் போற பெரியவங்களும் மாட்டிக்குவாங்க. வண்டல் மண்ணு அள்ளின ஏரின்னா இன்னும் மோசம், ஒரு இடத்துல கணுக்கால் தண்ணி, அடுத்த அடியில ஆள் மூழ்கற குழி, மேல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. நம்ம பக்கத்து ஏரிங்கள்ல லீவு நாள்ல பசங்க உயிர் போனதெல்லாம் பெரும்பாலும் அந்தக் குழியில தான். ஏலகிரியில இருக்கற புங்கனூர் ஏரி வெட்டி உண்டாக்கின ஏரி, போட் ஹவுஸ்ல லைஃப் ஜாக்கெட்டை பக்கிள் போட்டு மாட்டிகினு போட்ல போங்க, அது சந்தோஷம். வீட்டுப் பின்பக்கமா ஏரியில இறங்கறது மட்டும் யாருக்கும் வேண்டாம், நீச்சல் தெரிஞ்ச கொழுந்தனாருக்கும் வேண்டாம்.

அந்த 3 வயசு குழந்தைக்கு வீட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு கேட்டு இருக்கணும், குழந்தை கைக்கு எட்டாத உசரத்துல தாப்பா இருக்கணும். இல்லன்னா அந்த வீடு உங்களுக்கு இந்த வருஷம் சரிப்படாது, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி, இதுல மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன். 12 பேரு இருக்கற வீட்ல குழந்தையை எல்லாரும் பாத்துக்கறாங்கன்னு ஒவ்வொருத்தரும் நினைப்பாங்க, யாருமே பாத்துகினு இருக்க மாட்டாங்க. அதனால மணிக்கு ஒருத்தர்னு பேர் சொல்லி ஒப்படைங்க, இப்போ அண்ணி பாத்துக்கறாங்க, இப்போ மாமா பாத்துக்கறாருன்னு. பாத்துக்கற ஆளு கையில போன் இருக்கக் கூடாது. முழுகற குழந்தை கத்தாது, சத்தமே வராது. அதே மாதிரி தோட்டத்துல பழைய கிணறு இருக்கும், கைப்பிடிச் செவுரு ஒசரமா, மேல கம்பி வலை இருக்கான்னு கேளுங்க, சம்ப் மூடி இருக்கான்னு பாருங்க.

தண்ணிப் பக்கம், ஓட்டு வீடு, விறகு அடுக்கி வெச்சிருக்கற இடம்னா பாம்பு வரும், பயந்து ஆகப்போறது ஒண்ணுமில்ல. இடம் பத்தலன்னு பசங்களை தரையில பாய் போட்டு படுக்க வைக்காதீங்க, கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில தரையில படுத்திருக்கறவங்களைத் தான் கடிக்கும், வலி கூட பெருசா தெரியாது, காலையில கண்ணு இமை தொங்கும், அப்ப தான் தெரியும். கட்டில், இல்லன்னா மெத்தைக்கு அடியில சொருகின கொசுவலை. யாரையாவது கடிச்சுட்டா கட்டு கட்டறது, கீறி விடறது, மந்திரிக்கப் போறது எதுவும் வேண்டாம், கடிச்ச காலை ஆடாம வெச்சு 108க்கு போன் பண்ணி, இல்ல உங்க வண்டியிலயே உடனே கீழ இறக்குங்க. திருப்பத்தூர், வாணியம்பாடி கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ரெண்டுக்கும் வழியை முன்னாடியே போன்ல போட்டு வெச்சுக்குங்க, 14 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ராத்திரியில அதை ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தர் எப்பவும் தெளிவா இருக்கணும், இதை உங்க வீட்டு ஆம்பளைங்ககிட்ட நேரா சொல்லிடுங்க.

தண்ணி, கொதிக்க வெச்சு குடிங்க, கேன் வாங்கிக்குங்க. செப்டிக் டேங்க் எப்ப எடுத்தீங்கன்னு கேக்க மறந்துடாதீங்க, நாலு பேருக்கு கட்டின டேங்க்ல 12 பேரு 4 நாள் இருந்தா ரெண்டாவது நாளே பொங்கி வந்தாலும் வரும்.

பணம். இன்னிக்கே அனுப்பு இல்லன்னா போயிடும்னு ஒருத்தர் சொன்னாலே நில்லுங்க. வேற யார் வீட்டு போட்டோவோ எடுத்து அட்வான்ஸ் வாங்கிட்டு காணாம போறவங்க லீவு சீசன்ல நிறைய பேரு. அந்த போட்டோவை கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாருங்க, வேற ஊரு பேரு வந்தா முடிஞ்சுது. ஓனர் பேருல ஈபி பில் இல்ல வீட்டு வரி ரசீது ஒண்ணு அனுப்ப சொல்லுங்க, பணம் போற அக்கவுண்ட் பேரும் அதே பேரா இருக்கணும். டூரிசம் டிபார்ட்மெண்ட்ல ஹோம்ஸ்டே ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களான்னு கேளுங்க. எல்லாம் சரியா இருந்தாலும் பாதி வேண்டாம், 4,000 குடுங்க, மீதியை சாவி கைக்கு வந்ததும் குடுக்கறோம்னு சொல்லுங்க. என்னென்ன பேசினீங்களோ, எத்தனை ரூம், எத்தனை கட்டில், கரண்ட் போனா ஜெனரேட்டர் உண்டா, கேஸ் சிலிண்டர் யாரு, வரலன்னா எவ்வளவு திரும்பத் தருவாங்க, எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல எழுதி ஓகேன்னு பதில் வாங்கி வெச்சுக்குங்க. பணம் திருப்பி அனுப்பறேன், பின் நம்பர் போடுங்கன்னு சொன்னா அது திருட்டு, பணம் வாங்கறதுக்கு பின் எப்பவும் கேக்காது. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா வெக்கப்பட்டுகினு வீட்ல மறைக்காதீங்க, உடனே சைபர் மோசடி புகாருக்கான 1930க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.

அந்த வீட்டுக்காகவும் ஒண்ணு கேட்டுக்கறேன். பர்த்டே பேனர் மாட்டறேன்னு சுண்ணாம்பு செவுத்துல ஆணி அடிக்காதீங்க, ஒரு ஆணிக்கு உள்ளங்கை அளவு காரை பேந்து வரும், அதை அதே மாதிரி பூசற கொத்தனார் இன்னிக்கு இந்த ஜில்லாவுல விரல் விட்டு எண்ணிடலாம். பழைய காவித் தரையில சூடான பிரியாணி குண்டானை அப்படியே வைக்காதீங்க, அடியில ஒரு பலகை போடுங்க.

இதெல்லாம் போன்லயே முடிக்கணும்னு இல்ல. குடியாத்தத்துல காலையில ரயில் ஏறினா ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி ஜோலார்பேட்டை, அங்க இருந்து ஏலகிரிக்கு பஸ் இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை நீங்களும் வீட்டுக்காரரும் மட்டும் போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாம், அவரையே சாவியால உத்தரத்தை தட்டிப் பாக்க சொல்லுங்க, பயம் பாதி அங்கயே போயிடும். நீங்க அத்தை ரூம் கட்டில்ல உக்காந்து, கண்ணை மூடிகினு எழுந்து பாத்ரூம் வரைக்கும் நடந்து பாருங்க. ஏரிப் பக்கம் கேட்டு தாப்பாவை குழந்தை உசரத்துக்கு குனிஞ்சு எட்டுதான்னு பாருங்க. உத்தரம் செவுத்துக்குள்ள போற இடத்தை மட்டும் நாலு மூலையிலயும் கிட்டப் போய் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, அன்னிக்கு ராத்திரியே பாத்து சொல்லிடறேன், அதுக்கப்புறம் அந்த 4,000 அனுப்பினா போதும்.